கம்ப்ரஸர் பிளேடின் அதிர்வைத் தொடாமல் அளப்பது: டிப் டைமிங் முழுமையான வழிகாட்டி

சுழலும் பிளேடு எவ்வளவு அதிர்கிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிளேடிலேயே ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை அளக்கும் சிறு உணரி) ஒட்டி, ஸ்லிப் ரிங் (சுழலும் மின்தொடுப்பு) அல்லது டெலிமெட்ரி (கம்பியில்லா அனுப்பல்) மூலம் சமிக்ஞையை வெளியே எடுப்பது. ஒட்டிய பிளேடைப் பற்றி மட்டும்தான் அது சொல்லும். கேஜும் அதிக நாள் தாங்காது. இன்னொன்று டிப் டைமிங். கேசிங்கில், அதாவது ரோட்டாரைச் சூழ்ந்த வெளிக்கூட்டில், சில புரோப்களை (உணரிகளை) பொருத்தி, ஒவ்வொரு பிளேடின் நுனியும் அவற்றைக் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். அதிராத பிளேடு கணக்குப்படி வரும். அதிரும் பிளேடு சற்று முந்தியோ பிந்தியோ வரும். அந்த நேர வேறுபாட்டை நுனியின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும்.

தத்துவம் இவ்வளவுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் மென்பொருளைத் திறந்து வரைபடம் பார்ப்பதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள். தவறுகளோ பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, கேசிங்கில் துளை போடும் நாளிலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் ஓட்டத்துக்கு முந்தைய வேலைகளுக்குத்தான் அதிக இடம்.

கணக்குக்கு ஒரு மாதிரி இயந்திரத்தை வைத்துக்கொள்வோம். சோதனை மேடையில் ஓர் அச்சுவழிக் கம்ப்ரஸர். முதல் நிலை ரோட்டாரில் 23 பிளேடுகள், நுனி ஆரம் 250 மி.மீ., வேகம் 12,000 ஆர்பிஎம். அதாவது நொடிக்கு 200 சுற்று, நுனி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 314 மீட்டர். ஒரு மைக்ரோ நொடி தாமதம் என்றால் 0.314 மி.மீ. விலகல். இந்த ஒற்றைக் கணக்கு மனதில் இருந்தால், திரையில் வரும் எண் நம்பக்கூடியதா இல்லையா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

1. முதலில் கேம்ப்பெல் வரைபடம்

எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் புரோப் வைக்கக் கூடாது. கிடை அச்சில் வேகம், நிலை அச்சில் அதிர்வெண் என்று வைத்து, பிளேடின் ஒவ்வொரு மோடுக்கும் (அது இயல்பாக அதிரும் ஒவ்வொரு வடிவத்துக்கும்) ஒரு கோடு வரையுங்கள். வேகம் கூடக் கூட மையவிலக்கு விசை பிளேடை விறைப்பாக்குவதால் இந்தக் கோடுகள் மெல்ல மேலேறும். ஓய்வு நிலை அதிர்வெண்ணையே எல்லா வேகத்துக்கும் பயன்படுத்தினால் ஒத்ததிர்வை வேறு வேகத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதன் மேல், தொடக்கப் புள்ளியிலிருந்து கிளம்பும் எஞ்சின் ஆர்டர் கோடுகளை வரையுங்கள். ஒரு சுற்றில் பிளேடு எத்தனை முறை தள்ளப்படுகிறது என்பதுதான் எஞ்சின் ஆர்டர். முன்னால் 24 வழிகாட்டித் தகடுகள் இருந்தால் ஆர்டர் 24 கட்டாயம் வரும். நான்கு தாங்கு தூண்கள் இருந்தால் 4, 8, 12 வரும். உள்நுழையும் காற்று சீராக இல்லாவிட்டால் 1 முதல் 6 வரை எதுவும் வரலாம்.

நம் மாதிரியில் முதல் வளைவு மோட் 700 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ஆர்டர் 4 கோடு அதை நொடிக்கு 175 சுற்றில், அதாவது 10,500 ஆர்பிஎம்மில் வெட்டும். ஆபத்து அந்த ஒரு குறுகிய வேகப் பட்டையில்தான். ஏர்பஸ் ஏ220 விமானத்தின் எஞ்சினில் முதல் நிலை கம்ப்ரஸர் ரோட்டார் உடைந்த நிகழ்வுகள் 2019-இல் அடுத்தடுத்து நடந்தபோது, கனடா விமானத் துறை 29,000 அடிக்கு மேல் தண்டின் வேகம் 94 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. வேகத்துக்கும் அதிர்வுக்கும் உள்ள உறவு அவ்வளவு கறாரானது.

ரோட்டாரைப் பொருத்துமுன் ஒவ்வொரு பிளேடையும் சிறு சுத்தியால் தட்டி அதன் அதிர்வெண்ணைக் குறித்து வையுங்கள். ஒரே வார்ப்பில் வந்த பிளேடுகளும் ஒன்றுக்கொன்று சற்று மாறுபடும். பின்னால் 11-ஆம் பிளேடு மட்டும் ஏன் அதிகம் ஆடுகிறது என்று கேள்வி வரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

2. அளக்க முடியுமா என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஃபைனைட் எலிமென்ட் மாதிரியிலிருந்து (பிளேடைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரி) ஒவ்வொரு மோடுக்கும் இரண்டு தகவல்களை எடுங்கள். நுனியில் எந்தப் புள்ளி எவ்வளவு அசைகிறது, அப்போது அதிகபட்சத் தகைவு எங்கே எவ்வளவு. முதல் வளைவு மோடில் நுனி நன்றாக அசையும், அளப்பது சுலபம். மேல் மோடுகளில் நுனி சில மைக்ரான்கள் மட்டுமே அசைந்தாலும் தகைவு எகிறியிருக்கும். நேர அளவீட்டின் நுண்மை அந்தச் சில மைக்ரானைப் பிடிக்காது என்றால், அந்த மோடுக்கு ஸ்ட்ரெயின் கேஜ்தான் வழி. இதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஓட்டம் முடிந்த பிறகு சொன்னால் சாக்கு போலத்தான் ஒலிக்கும்.

முறுக்கு மோடில் இன்னொரு பொறி இருக்கிறது. நுனியில் ஏதோ ஓர் இடத்தில் அசைவே இல்லாத முடிச்சுப் புள்ளி இருக்கும். புரோப் சரியாக அதன் நேர் மேலே அமைந்தால், பிளேடு முறிகிற அளவு முறுகினாலும் திரை அமைதியாக இருக்கும். அதனால் புரோப்பின் அச்சுவழி இடத்தை மோட் வடிவத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முன்விளிம்புப் பக்கமோ பின்விளிம்புப் பக்கமோ தள்ளி வைப்பது வழக்கம்.

3. புரோப் வகை

இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஒளி புரோப் மிகக் கூர்மையான துடிப்பைத் தரும், ஆனால் எண்ணெய்ப் படலத்துக்கும் தூசிக்கும் பயப்படும். சுத்தமான சோதனை மேடைக்கு அதுவே போதும். எடி கரண்ட் (சுழல் மின்னோட்ட) வகை அழுக்கைப் பொருட்படுத்தாது. உலோகப் பிளேடு வேண்டும், துடிப்பு சற்று அகலமாக வரும். கெபாசிடிவ் (மின்தேக்க) வகை நுனிக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துச் சொல்லும். சூடான டர்பைன் பக்கம் போனால் குளிர்விப்பும் சாளரப் பொருளும் தனிக் கதை.

4. கோணங்களைத் தேர்ந்தெடுப்பது

அதிகம் பேர் வழுக்கி விழும் படி இதுதான்.

ஒரு புரோப் ஒரு பிளேடைச் சுற்றுக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. நொடிக்கு 200 மாதிரிகள். 700 ஹெர்ட்ஸ் அதிர்வை இதில் நேரடியாகப் பார்க்க முடியாது. அதிலும் எஞ்சின் ஆர்டரோடு ஒட்டிய அதிர்வு என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிளேடு அதே நிலையில் இருக்கும். புரோப்புக்கு அது அதிர்வாகவே தெரியாது, பிளேடு நிலையாக வளைந்து நிற்பது போலத்தான் தெரியும். வெவ்வேறு கோணங்களில் புரோப்கள் இருந்தால்தான் அலையின் வெவ்வேறு இடங்களைப் பார்க்க முடியும்.

அழகுக்காகச் சம இடைவெளியில் வைக்கிறார்கள். ஃபிளேஞ்ச் போல்ட் வட்டத்தைப் பார்த்து 0, 90, 180, 270 என்று நான்கு துளை. விளைவைப் பாருங்கள். ஆர்டர் 4-க்கு நான்கு புரோப்களும் அலையின் ஒரே புள்ளியைப் பார்க்கும், அதிர்வு முழுவதுமாக மறைந்துவிடும். ஆர்டர் 1, 3, 5, 7 நான்கும் ஒன்றுபோலவே தெரியும். எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் தகவலே அங்கே இல்லை.

சரி, எப்படி வைப்பது? எதிர்பார்க்கும் ஒவ்வோர் ஆர்டருக்கும் புரோப் கோணத்தை அந்த ஆர்டரால் பெருக்கி, 360-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதிகள் வட்டம் முழுக்கப் பரவி இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 0, 17, 41, 68 டிகிரி. ஆர்டர் 4-க்கு 0, 68, 164, 272 என்று வரும், அருமையான பரவல். ஆர்டர் 6-க்கு 0, 102, 246, 48. ஆர்டர் 24-க்கு 0, 48, 264, 192. எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆர்டர் 2-க்கு மட்டும் 0, 34, 82, 136 என்று ஒரு பக்கமாகக் குவிகிறது. அந்த ஆர்டர் முக்கியம் என்றால் மாற்ற வேண்டும்.

ஆனால் எல்லாப் புரோப்களும் 68 டிகிரிக்குள் நெருங்கி நின்றால் அடுத்தடுத்த ஆர்டர்களைப் பிரிப்பது கடினம். ஆர்டர் 4-உம் 5-உம் அவ்வளவு குறுகிய சாளரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பொருந்தும். அதற்கு ஐந்தாவது புரோப்பை 197 டிகிரியில் வையுங்கள். அது 17-க்கு நேர் எதிரே. இரட்டை ஆர்டர் என்றால் இவ்விரண்டும் ஒரே அளவைக் காட்டும். ஒற்றை ஆர்டர் என்றால் குறி தலைகீழாக மாறும். 4-ஆ 5-ஆ என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஓர் ஆர்டருக்கு சைன், கொசைன், நிலை விலகல் என்று மூன்று தெரியாத எண்கள். மூன்று புரோப் போதும் என்று கணிதம் சொல்லும். அப்போது எந்த ஆர்டரைப் போட்டாலும் பிழையின்றிப் பொருந்திவிடும், எது சரி என்று சோதிக்க வழியே இராது. குறைந்தது நான்கு வேண்டும். ஓட்டத்தின் நடுவே ஒன்று செத்துப்போகும் என்று எண்ணி ஐந்து அல்லது ஆறு வைப்பதுதான் விவேகம்.

5. துளை போட்ட பின் மறுபடி அளங்கள்

வரைபடத்தில் 41 டிகிரி என்று இருந்தால் கேசிங்கிலும் 41 என்று நம்பிவிடக் கூடாது. ஸ்டேட்டர் தகடு குறுக்கே வந்தது என்று பணிமனையில் அரை டிகிரி நகர்த்தியிருப்பார்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆர்டர் 4-க்கு அரை டிகிரி என்பது 2 டிகிரி ஃபேஸ் பிழை (அலைச் சுழற்சியில் எந்த இடம் என்பதில் வரும் பிழை), பரவாயில்லை. ஆர்டர் 24-க்கு அதுவே 12 டிகிரி. அளந்த கோணத்தையே மென்பொருளில் இடுங்கள்.

புரோப் முகம் கேசிங் உட்பரப்பைவிடச் சற்று உள்ளடங்கி இருக்கட்டும். வேகம் ஏறும்போது பிளேடு நீளும், கேசிங்கும் சூட்டில் உருமாறும். குளிர்ந்த நிலையில் இருந்த இடைவெளி ஓட்டத்தில் இராது. நீட்டிக்கொண்டிருக்கும் புரோப்பை ஒரு பிளேடு உரசினால் போவது புரோப் மட்டுமல்ல.

6. சுற்றுச் சமிக்ஞை

தண்டில் ஒரு பள்ளமோ பட்டையோ வைத்து, சுற்றுக்கு ஒரு துடிப்பு எடுக்க வேண்டும். 'பிளேடு எப்போது வந்திருக்க வேண்டும்' என்ற கணக்கு இதிலிருந்துதான் கிளம்புகிறது. இது நடுங்கினால் 23 பிளேடுகளும் ஒன்றாக நடுங்குவது போலத் தெரியும்.

ஒரு முறை என்னோடு வேலை செய்த இளைஞர் ஒருவர், எல்லாப் பிளேடுகளும் ஒரே ஃபேஸில் அதிரும் அபூர்வமான ஃப்ளட்டர் (காற்றோட்டமே ஊட்டி வளர்க்கும் அதிர்வு) கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு ஓடிவந்தார். தண்டில் ஒட்டிய பிரதிபலிப்புப் பட்டையின் ஓரம் பிய்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பட்டையை நான் அனுமதிப்பதில்லை, இயந்திரத்தில் வெட்டிய பள்ளம்தான்.

இந்தக் கணக்கில் ஒரு சுற்றுக்குள் வேகம் மாறாது என்ற அனுமானம் இருக்கிறது. நொடிக்கு 20 ஆர்பிஎம் என்று மெல்ல ஏற்றினால் இதனால் வரும் பிழை 2 மைக்ரானுக்கும் குறைவு. நொடிக்கு 1,000 ஆர்பிஎம் என்று ஏற்றினால் அதே பிழை 80 மைக்ரானைத் தொடும். வேகமான ஏற்றம் தேவை என்றால் முடுக்கத்தையும் கணக்கில் சேருங்கள், அல்லது தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் வெட்டுங்கள்.

7. ட்ரிகரும் கடிகாரமும்

துடிப்பு எந்த மட்டத்தைத் தாண்டும்போது நேரம் குறிக்கப்படுகிறது என்பது ட்ரிகர் அமைப்பு. மாறாத வோல்டேஜில் வைத்தால், இடைவெளி மாறித் துடிப்பின் உயரம் கூடும்போதும் குறையும்போதும் நேரமும் நகரும். அதனால் உயரத்தின் ஒரு குறிப்பிட்ட பங்கில், வழக்கமாகப் பாதியில், ட்ரிகர் செய்வது நல்லது.

கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துளி 10 நானோ நொடி. நம் நுனி வேகத்தில் அது 3 மைக்ரான். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 31 மைக்ரான். இரண்டாம் படியில் எழுதிய விலகல் பட்டியலை இங்கே எடுத்து ஒப்பிடுங்கள். எல்லாப் புரோப்களும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். இரண்டு தனிப் பெட்டிகளைத் தனித்தனிக் கடிகாரத்தோடு ஓட்டியதைப் பார்த்த பிறகு சொல்லிவிடுகிறேன்.

8. மெதுவான ஓட்டம்: பிளேடு எண்ணும் அடிநிலையும்

நேராக முழு வேகத்துக்குப் போகாதீர்கள். எந்த ஒத்ததிர்வும் இல்லாத குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பிளேடு எண். சுற்றுத் துடிப்புக்குப் பின் 0 டிகிரி புரோப்பை முதலில் கடக்கும் பிளேடும், 41 டிகிரி புரோப்பை முதலில் கடக்கும் பிளேடும் ஒன்றல்ல. 23 பிளேடுகளுக்கு இடைவெளி 15.65 டிகிரி. எண் ஒன்று தவறினாலும், ஒரு பிளேடின் அதிர்வை அண்டை வீட்டுக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். பொருத்தம் எந்த ஆர்டருக்கும் சரியாக வராது. பிளேடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எந்த ரோட்டாரிலும் மிகச் சரியாகச் சமமாக இருப்பதில்லை. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வு கைரேகை போன்றது. ஒவ்வொரு புரோப்பிலும் அந்த வடிவத்தை வரைந்து, ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும் வரை எண்ணை நகர்த்துங்கள்.

இரண்டாவது, அடிநிலை. அதிர்வு இல்லாத நேரத்தின் வருகைகளைச் சராசரி செய்து வைத்துக்கொண்டால் உற்பத்தி வேறுபாடும் புரோப் இடப் பிழையும் கழிந்துவிடும். ஆனால் வேகம் ஏறும்போது பிளேடு முறுக்கு அவிழும், காற்றழுத்தத்தில் வளையும், அடிநிலையும் நகரும். எனவே ஒவ்வோர் ஒத்ததிர்வுக்கும் சற்று முன்னும் பின்னும் அடிநிலையைப் புதுப்பிக்க வேண்டும்.

9. வேகத்தை எப்படி ஏற்றுவது

ஒத்ததிர்வு வளர நேரம் வேண்டும். ஒத்ததிர்வின் கூர்மையைக் காட்டும் கியூ மதிப்பு 500 உள்ள பிளேடு என்றால் 700 ஹெர்ட்ஸில் பட்டையின் அகலம் 1.4 ஹெர்ட்ஸ். ஆர்டர் 4-இல் அது வெறும் 21 ஆர்பிஎம். அதிர்வு வளரும் கால அளவு ஏறத்தாழ 0.23 நொடி. நொடிக்கு 20 ஆர்பிஎம் என்று ஏற்றினால் அந்தப் பட்டையைக் கடக்க ஒரு நொடி ஆகும். அதிர்வு தன் முழு உயரத்தை ஏறக்குறைய எட்டிவிடும். நொடிக்கு 100 என்று ஓட்டினால் 0.2 நொடியில் கடந்துவிடுவோம், உச்சம் குறைவாகவே பதிவாகும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துப் பிளேடு பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுத்தால் பழி நம் தலையில்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் இரண்டு முறையாவது பதிவு செய்யுங்கள். உச்சம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வர வேண்டும். பெரிதாக விலகினால் வேகமாகக் கடந்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்புறம் இன்னொன்று: ஓட்டத்தின்போது ரோட்டார் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. கேபிளைச் சரிபார்க்கக்கூட.

10. தரவைப் பிரித்தல்

முதலில் கச்சா வருகைகளை வேகத்துக்கு எதிராக வரையுங்கள், ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு வரியாக அடுக்கி. எந்தப் பொருத்தமும் இதற்கு முன் வேண்டாம். ஒரு வேகத்தில் கோடு மேலோ கீழோ துள்ளித் திரும்பினால் அது ஆர்டரோடு ஒட்டிய ஒத்ததிர்வு. கோடு தடித்துப் பட்டை போலானால் ஆர்டரோடு ஒட்டாத அதிர்வு, அதாவது ஃப்ளட்டர், சுழல் ஸ்டால் (பிளேடு வரிசையைச் சுற்றி நகரும் காற்றோட்டத் தடை) அல்லது வெறும் இரைச்சல். எல்லா வரிகளும் ஒன்றாக நகர்ந்தால் சுற்றுச் சமிக்ஞையைப் போய்ப் பாருங்கள்.

துள்ளலுக்கு, ஒன்று முதல் நாம் எதிர்பார்க்கும் உச்ச ஆர்டர் வரை ஒவ்வொன்றையும் போட்டுப் பொருத்தி மிச்சப் பிழையைப் பாருங்கள். சரியான ஆர்டரில் அது தெளிவாகக் குறையும். இரண்டு ஆர்டர்கள் போட்டியிட்டால் கேம்ப்பெல் வரைபடத்தைக் கேளுங்கள். அந்த வேகத்தில் எது ஒரு மோடை வெட்டுகிறதோ அதற்கே வாய்ப்பு அதிகம். பொருத்தத்தில் ஃபேஸ், உச்சத்தைக் கடக்கும்போது 180 டிகிரி திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அது ஒத்ததிர்வு இல்லை.

தடித்த பட்டைக்கு வேறு வழி. ஒரே புரோப்பைக் கடக்கும் 23 பிளேடுகளையும் வரிசையாக ஒரே தொடராக எடுங்கள். நொடிக்கு 200-க்குப் பதில் 4,600 மாதிரிகள் கிடைக்கும். ஃப்ளட்டரில் பிளேடுகள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில், அண்டைப் பிளேடோடு நிலையான ஃபேஸ் வித்தியாசத்தில் ஆடுவதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது. வரும் அதிர்வெண் கேசிங்கிலிருந்து பார்த்த அதிர்வெண். அதில் அலை விட்டங்களின் எண்ணிக்கையை (ரோட்டாரைச் சுற்றி எத்தனை முழு அலைகள் என்பதை) சுற்று வேகத்தால் பெருக்கிக் கழித்தால் பிளேடின் சொந்த அதிர்வெண் கிடைக்கும். இதை மறந்து, ‘அப்படி ஒரு மோடே நம் பிளேடில் இல்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அநேகர்.

11. விலகலிலிருந்து தகைவுக்கு

புரோப் பார்ப்பது சுற்றுத் திசை விலகலை. பிளேடு அதிர்வதோ தன் தட்டைப் பரப்புக்குச் செங்குத்தாக. பலர் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கித் திருத்துகிறார்கள். நடக்கும் சங்கதி நேர்மாறு. புரோப்பின் அச்சுவழி இடம் நிலையானது, சாய்ந்த விளிம்பு அதைக் குறுக்காகக் கடக்கிறது. அச்சிலிருந்து 60 டிகிரி சாய்ந்த பிளேடு 1 மி.மீ. அசைந்தால் புரோப்புக்கு அது 2 மி.மீ. ஆகத் தெரியும். அதே காரணத்தால் ரோட்டார் முழுவதும் அச்சுவழியாக 0.5 மி.மீ. நகர்ந்தால் எல்லாப் பிளேடுகளும் ஏறத்தாழ 0.87 மி.மீ. விலகியது போலக் காட்டும். உந்து தாங்கியின் இடப்பெயர்ச்சியையும் தனியாகப் பதிவு செய்வது இதற்காகத்தான்.

திருத்திய விலகலை, இரண்டாம் படியில் எடுத்த தகவல்களிலிருந்து வரும் விகிதத்தால் (நுனி விலகலுக்கு எவ்வளவு தகைவு என்பதால்) பெருக்குங்கள். மாதிரியில் 1 மி.மீ.க்கு 180 மெகாபாஸ்கல் என்று இருந்து, உச்சம் 0.6 மி.மீ. வந்தால், மாறுதகைவு 108 மெகாபாஸ்கல். விகிதத்தை எடுத்த கணுவும் (கணினி மாதிரியின் புள்ளியும்) புரோப் பார்க்கும் புள்ளியும் ஒன்றா என்று உறுதி செய்யுங்கள். முன்விளிம்புக்கான விகிதத்தைப் பின்விளிம்பு அளவீட்டோடு பெருக்குவது அடிக்கடி நடக்கும் பிழை.

முடிந்தால் இரண்டு பிளேடுகளிலாவது ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி முதல் ஓட்டத்தில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகிக்க வேண்டிய வரிசை என் அனுபவத்தில் இது: பிளேடு எண், புரோப்பின் அச்சுவழி இடம், மாதிரியின் விகிதம், கடைசியாகக் கேஜ். புதியவர்கள் கேஜிலிருந்து தொடங்குகிறார்கள், ஒரு வாரம் போய்விடுகிறது.